வழியை வரையாதீர்கள், சுவரை வரையுங்கள்: காகிதத்தில் புதிர்ப்பாதை போடும் முறை

சிறுவர் இதழ்களில் "முயலுக்குக் கேரட் கிடைக்க வழி காட்டுங்கள்" என்று ஒரு படம் வருமே, அந்தப் புதிர்ப்பாதையைத்தான் சொல்கிறேன். அதைத் தீர்ப்பதைவிட வரைவதில் சுகம் அதிகம். தாள், பென்சில், ரப்பர் மூன்றும் போதும். கரண்ட் போன மத்தியானத்துக்குத் தோதான வேலை. ஏற்காட்டுக்குப் போன இடத்தில் மழை பிடித்துக்கொண்டு, பனி மூட்டத்தில் எதிர்வீடுகூடத் தெரியாமல் அறையிலேயே உட்கார்ந்திருக்கும் சாயங்காலத்துக்கும் தோதானதுதான்.

புதிதாக வரைபவர்கள் பெரும்பாலும் சரியான வழியை முதலில் வளைத்து நெளித்துப் போட்டுவிடுவார்கள். அப்புறம் அதன் இரண்டு பக்கமும் குட்டிக் குட்டி முட்டுச்சந்துகளை ஒட்டவைப்பார்கள். பார்க்கச் சிக்கலாகத்தான் இருக்கும். தீர்க்க உட்கார்ந்தவரின் கண்ணோ, சந்தின் முனை அடைபட்டிருப்பதை நுழைவதற்கு முன்பே பார்த்துவிடும். கோடுகளை எவ்வளவு நெருக்கிப் போட்டாலும் புதிர் கஷ்டமாகிவிடாது. தப்பான வழி ஆளை நம்பவைத்து எவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போகிறது என்பதுதான் கணக்கு. அப்படிப்பட்ட வழி வேண்டுமென்றால் வழியை மறந்துவிட்டுச் சுவர்களை வரைய வேண்டும். அதற்கு நம் வாசல் கோலத்துப் புள்ளிகளே போதும்.

தேவையானவை

கட்டம் போட்ட கணக்கு நோட்டு நல்லது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்கும் கிராஃப் தாள் இன்னும் நல்லது. அதில் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு தடித்த கோடு ஓடும். அந்தக் கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடங்களே நமக்குப் புள்ளி. சேலம் அம்மாப்பேட்டைப் பக்கம் தறிக்கு டிசைன் போடுபவர்கள் யாராவது தெரிந்தவர்கள் இருந்தால் அவர்களிடம் பெரிய கிராஃப் தாள் மீந்திருக்கும், கேட்டுப் பாருங்கள். பென்சில் எச்.பி. போதும். பால்பாயிண்ட் பேனாவை இப்போதைக்குத் தொடவே வேண்டாம்.

ஒரே ஒரு விதி

சதுரமாக ஒரு வெளிச்சுவர் போடுங்கள். அதில் உள்ளே வர ஓர் இடைவெளி, வெளியே போக ஓர் இடைவெளி. உள்ளே நேர்ப்புள்ளியாக வரிசை வரிசையாகப் புள்ளிகள். சிக்குக் கோலத்தில் கோடு புள்ளியைச் சுற்றிப் போகும். இங்கே புள்ளியிலிருந்து புள்ளிக்குப் போகும்.

விதி இதுதான்: ஒவ்வொரு கோடும் ஏற்கெனவே சுவரோடு சேர்ந்துவிட்ட ஒரு புள்ளியிலிருந்து கிளம்ப வேண்டும், இதுவரை எந்தச் சுவரும் தொடாத பக்கத்துப் புள்ளியில் போய் நிற்க வேண்டும். குறுக்கே சாய்த்துப் போடக்கூடாது. எல்லாப் புள்ளியும் சேர்ந்துவிட்டால் வேலை முடிந்தது.

இதை மீறாமல் வரைந்தால் மூன்று காரியம் தானாகவே நடக்கும். யாரும் நுழைய முடியாத மூடிய அறை எங்கேயும் உண்டாகாது. போன இடத்துக்கே சுற்றி வரும் வளையம் உண்டாகாது. எந்த இரண்டு கட்டத்தை எடுத்துக்கொண்டாலும் நடுவில் ஒரே ஒரு வழிதான் இருக்கும். வரைந்து முடித்தபின் "வழி இருக்கிறதா, அடைத்துவிட்டோமா" என்று சோதித்துப் பார்க்கும் தலைவலியே கிடையாது. கணக்குப் பிரியர்களுக்கு இன்னொரு செய்தி: பக்கத்துக்குப் பத்துக் கட்டம் என்றால் உள்ளே 81 புள்ளி, ஆகவே சரியாக 81 கோடு. எண்ணிப் பார்த்துக் குறைந்தால் ஏதோ ஒரு புள்ளி விட்டுப்போயிருக்கிறது. கூடினால் எங்கேயோ வழி அடைபட்டிருக்கிறது.

சின்னதாக ஒன்று போட்டுப் பார்ப்போம்

பக்கத்துக்கு நாலு கட்டம், மொத்தம் 16 கட்டம். உள்ளே ஒன்பது புள்ளி. பெயர் வைத்துக்கொள்வோம்: மேல் வரிசையில் இடமிருந்து வலமாக அ, ஆ, இ. நடு வரிசையில் ஈ, உ, ஊ. கீழ் வரிசையில் எ, ஏ, ஐ. உள்வாசல் இடது மேல் மூலைக் கட்டத்துக்கு மேலே. வெளிவாசல் வலது கீழ் மூலைக் கட்டத்துக்குக் கீழே.

முதல் சுவர்: மேல் ஓரத்திலிருந்து அ-வுக்கு இறங்குங்கள், அங்கிருந்து ஈ, ஈ-யிலிருந்து வலது பக்கம் உ. நிறுத்துங்கள்.

இரண்டாம் சுவர்: கீழ் ஓரத்திலிருந்து ஐ-க்கு ஏறுங்கள், மேலே ஊ, இன்னும் மேலே இ, அங்கிருந்து இடது பக்கம் திரும்பி ஆ.

மூன்றாம் சுவர்: இடது ஓரத்திலிருந்து எ, பிறகு ஏ.

ஒன்பது புள்ளிக்கு ஒன்பது கோடு, முடிந்தது. இப்போது பென்சில் நுனியை உள்வாசலில் வைத்து நடந்து பாருங்கள். இடது ஓரமாக இறங்கி, மூன்றாம் வரிசையில் வலது பக்கம் திரும்பி இரண்டு கட்டம் போனதும் ஒரு பிரிவு வரும். ஒன்று கீழே போகிறது, ஒன்று மேலே போகிறது. வெளிவாசல் இருப்பதோ கீழே. யாராக இருந்தாலும் கீழேதான் போவார்கள். போனால் வாசல் கட்டத்துக்கு ஒட்டின கட்டத்திலேயே நிற்பார்கள், நடுவில் ஒரே ஒரு சுவர். அங்கிருந்து போகக்கூடிய பக்கம் இடதுதான், அது மூலையில் போய் முட்டும். சரியான வழி வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேலே ஏறி, மேல் ஓரம் முழுக்கச் சுற்றி, வலது ஓரமாக இறங்கி வருகிறது.

பதினாறே கட்டம், ஒரே பிரிவு, ஆனாலும் ஏமாற்றுகிறது. பிரிவு எங்கே இருக்கிறது, அதில் தப்பான கை எந்தத் திசையைக் காட்டுகிறது என்பதில்தான் விஷயம். பெரிதாக வரையும்போதும் இதையே செய்யுங்கள்: தப்பான வழி வாசலை நோக்கிப் போகட்டும், சரியான வழி வாசலை விட்டு விலகட்டும்.

இரண்டு நிறத்து ரகசியம்

அதே படத்தில் இரண்டு கலர் பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். உள்வாசலும் வெளிவாசலும் வெளிச்சுவரை இரண்டு துண்டாக்கிவிடுகின்றன: மேல் ஓரமும் வலது ஓரமும் ஒரு துண்டு, இடது ஓரமும் கீழ் ஓரமும் மற்றொரு துண்டு. முதல் துண்டையும் அதிலிருந்து கிளம்பிய சுவர்களையும் சிவப்பாக்குங்கள். இரண்டாவதையும் அதன் சுவர்களையும் பச்சையாக்குங்கள். நம் படத்தில் முதல் சுவர் சிவப்பு, மற்ற இரண்டும் பச்சை. சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவில் ஓடுகிற வழி எதுவோ அதுதான் விடை. ஒரே நிறத்துச் சுவர்களுக்கு நடுவில் இருப்பதெல்லாம் முட்டுச்சந்து.

தீர்ப்பவருக்கு இது விடை காணும் தந்திரம். வரைபவருக்கு வடிவமைப்புக் கருவி. விடை நீளமாக வேண்டுமா? இரண்டு கை விரல்களைக் கோர்த்த மாதிரி சிவப்பும் பச்சையும் ஒன்றுக்குள் ஒன்று ஆழமாகப் போகட்டும். ஒரு நிறத்துச் சுவர்கள் எல்லாம் குட்டையாக நின்றுவிட்டால் விடை அந்த ஓரத்தை ஒட்டியே ஓடி முடிந்துவிடும். நீளமான முட்டுச்சந்து வேண்டுமா? ஒரே நிறச் சுவர்கள் இரண்டை அடுத்தடுத்து நீளமாக ஓடவிடுங்கள். அந்தச் சந்துக்குள்ளேயே இன்னொரு பிரிவும் இருந்தால், ஒரு கையை அடைந்து திரும்பியவர் "அப்போ அந்தப் பக்கமாக இருக்கும்" என்று மறுகைக்கும் போய்வருவார். சேலம் செவ்வாய்ப்பேட்டைச் சந்துகளில் புதிதாக வண்டி ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

பத்துக்குப் பத்து

இப்போது பெரிதாகப் போகலாம். பத்துக் கட்டச் சதுரம், ஓரத்தையும் சேர்த்து 11 புள்ளி, 11 வரிசை. முதலில் சிவப்புப் பக்கத்திலிருந்து இரண்டு மூன்று, பச்சைப் பக்கத்திலிருந்து இரண்டு மூன்று நீளமான சுவர்களை மட்டும் இழுங்கள். அவை நடுப்பகுதி வரைக்கும் போக வேண்டும், வழியில் இரண்டு முறையாவது திரும்ப வேண்டும். இந்தச் சுவர்கள்தான் புதிரின் எலும்பு. விடை எந்தப் பக்கம் போகிறது என்பது இங்கேயே தீர்மானமாகிவிடும், ஆகவே அவசரப்படாமல் அழித்து அழித்துப் போடுங்கள்.

மீதிப் புள்ளிகளை நிரப்புவது கிட்டத்தட்டத் தியானம். பக்கத்தில் இருக்கும் எந்தச் சுவரோடும் சேர்க்கலாம், இரண்டு மூன்று கோடு நீளக் கிளையாக. எல்லாக் கோடும் ஒரே திசையில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நெடுக்குச் சுவர்களாகவே போட்டால் கண் மேலிருந்து கீழே சறுக்கிக்கொண்டே வந்துவிடும். கடைசியில் அங்கங்கே ஒற்றைப் புள்ளிகள் மிஞ்சும். அவற்றைச் சிவப்போடு சேர்ப்பதா பச்சையோடு சேர்ப்பதா என்பது உங்கள் கையில். ஒவ்வொரு முடிவும் ஏதோ ஒரு சந்தின் வாயை மாற்றும்.

பத்துக்குப் பத்து அலுத்தபின் இருபதுக்கு இருபது போகலாம். அதற்கு 361 கோடு. ஒரே மூச்சில் முடிக்க நினைக்காதீர்கள், கண் வலிக்கும். இணையத்தில் பட்டனைத் தட்டினால் நொடியில் பெரிய புதிர்ப்பாதை கிடைக்கிறதே என்று கேட்கலாம். கிடைக்கிறது. அவற்றில் பலவற்றில் இரண்டு கட்ட நீளக் குட்டிச் சந்துகள்தான் நிறைந்திருக்கும். ஆளைப் பார்த்து ஏமாற்ற அதற்குத் தெரியாது.

நெளிவு வேறு, பிரிவு வேறு

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. தலை சுற்றும், பஸ்ஸில் ஜன்னலோரத்துக்காரர் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வருவார், ஆனால் வழி தவற இடமே இல்லை. ஒவ்வொரு வளைவிலும் போவதற்கு இருப்பது ஒரே சாலை. காகிதத்திலும் அப்படித்தான். நெளிந்து நெளிந்து போகும் ஒற்றை வழி நீளமே தவிரப் புதிர் இல்லை. ஏழு சுற்றுக் கோட்டை என்று சுழற்றிப் போடுகிறார்களே, அதுவும் ஒற்றை வழிதான். கர்நாடகத்தில் ஹளேபீடு ஹொய்சளேஸ்வரர் கோயில் சுவரில் அபிமன்யு நுழையும் சக்கரவியூகத்தைச் சுழல் வழியாகச் செதுக்கியிருக்கிறார்கள். அழகு அழகுதான், ஆனால் நாம் வரையப்போவது அந்த இனம் இல்லை.

ஆகவே படம் முடிந்ததும் விடை வழியில் நடந்து, பிரிவுக்கும் பிரிவுக்கும் நடுவில் எத்தனை கட்டம் என்று பாருங்கள். பத்துக்குப் பத்தில் ஏழெட்டுக் கட்டத்துக்கு மேல் கேள்வியே இல்லாமல் ஓடினால் அந்த இடம் சப்பென்று இருக்கும். அங்கே ஒரு கோட்டை அழித்து, அதனால் தனியாகிப்போன புள்ளியை வேறு பக்கத்துச் சுவரோடு சேருங்கள். ஒரு சந்து திறக்கும், வேறொன்று மூடும். ஆனால் அந்தச் சுவர் அதே புள்ளியின் வழியாகத் தொங்கும் கிளையாக இருக்கக்கூடாது. அப்படிச் சேர்த்தால் வெளிச்சுவரோடு தொடர்பு விட்டுப்போய் ஒரு மூடிய அறை உண்டாகிவிடும்.

யாரிடமாவது கொடுத்துப் பாருங்கள்

வரைந்தவருக்கே தன் புதிரின் கஷ்டம் தெரியாது, விடை மனசில் இருக்கும். ஜெராக்ஸ் எடுத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுங்கள். கூடவே உட்கார்ந்து பென்சில் எங்கே நிற்கிறது, எங்கே தயங்காமல் போகிறது என்று மட்டும் கவனியுங்கள். வாயைத் திறந்து "அங்கே இல்லடா" என்று சொல்லிவிடாதீர்கள். ஜெயித்தால் தட்டுவடை செட் என்று பந்தயம் வைத்தால் கூட்டம் தானாகச் சேரும்.

அதில் ஒரு பொடியன் கட்டாயம் சொல்வான்: "அண்ணா, கடைசியிலேர்ந்து பின்னாடி வந்தா ஈஸிண்ணா." சரியாகத்தான் சொல்கிறான். நம் நாலு கட்டப் படத்திலேயே வெளிவாசலிலிருந்து பின்னோக்கி வந்தால் எட்டுக் கட்டம் வரை பிரிவே கிடையாது. பெரும்பாலானவர்கள் உள்வாசல் பக்கம் உற்சாகமாகப் பிரிவுகளை வைத்துவிட்டு, வெளிவாசல் பக்கம் வரும்போது களைத்துப் போகிறார்கள். அதனால் வெளிவாசலை ஒட்டிய இருபது கட்டத்தில் குறைந்தது மூன்று பிரிவாவது இருக்கட்டும். தாளைத் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டு அந்த மூலையை வரைந்தால் தானாக வரும்.

பிடித்துப்போன படத்தை ஜெல் பேனாவால் சுவர்களின்மேல் ஒருமுறை இழுத்து, மை நன்றாகக் காய்ந்தபின் ரப்பர் போடுங்கள். சேலத்து வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும். ஏற்காட்டு ஈரத்தில் கொஞ்சம் பொறுக்க வேண்டும். பேனாவை எடுக்கும் முன் கோடு எண்ணிக்கையை ஒருமுறை சரிபாருங்கள்.

குழந்தைகளுக்கு என்றால் கதை சேருங்கள். உள்வாசலில் அடிவாரம், வெளிவாசலில் ஏற்காடு ஏரி, முட்டுச்சந்து முனைகளில் காட்டெருமை. ஆறு வயசுக்குள் இருப்பவர்களுக்குப் பக்கத்துக்கு ஆறு கட்டம் போதும், ஒன்றரை சென்டிமீட்டர் அகலமாவது வேண்டும். இல்லையென்றால் க்ரேயான் சுவரைத் தாண்டிவிடும், அப்புறம் சண்டை.

சுவரைத் தொட்டுக்கொண்டே போகிறவர்களுக்கு

வலது கையைச் சுவரிலிருந்து எடுக்காமல் நடந்தால் எந்தப் புதிர்ப்பாதையிலிருந்தும் வெளியே வந்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். நம் விதிப்படி வரைந்த படத்தில் அது உண்மைதான், ஏனென்றால் எல்லாச் சுவரும் வெளிச்சுவரோடு ஒட்டியிருக்கிறது. இந்த ஆட்களை மடக்க ஒரு வழி உண்டு. சேர வேண்டிய இடத்தை ஓரத்தில் வைக்காமல் நடுவில் வையுங்கள், சேலத்தில் ஊர் நடுவே கோட்டை மாரியம்மன் கோயில் இருப்பது போல. அந்த நடு அறையைச் சுற்றியுள்ள சுவர்களைத் தங்களுக்குள் மட்டும் சேர்த்து, வெளிச்சுவரோடு எந்த இடத்திலும் ஒட்டாத தீவாக விட்டுவிடுங்கள். அறையின் வாசல் தீவுக்குள்ளேயே திறக்கட்டும். வெளிச்சுவரைத் தொட்டுக்கொண்டே போகிறவர் தீவைத் தொடாமலே சுற்றிச் சுற்றி உள்வாசலுக்கே திரும்பி வருவார். ஒரு தீவுக்கு ஒரு கோடு குறையும், ஆகவே பத்துக்குப் பத்தில் 80. தீவைச் சுற்றி இரண்டு பக்கமும் போகலாம் என்பதால் விடையும் இரண்டாகலாம். ஏற்காட்டுக்கு அடிவாரம் வழியும் இருக்கிறது, குப்பனூர் வழியும் இருக்கிறது, யாரும் குறை சொல்லவில்லையே.

அஞ்சு ரோடும் மேம்பாலமும்

சதுரக் கட்டத்துக்கு நாலு பக்கம்தான், ஆகவே நாலு ரோடு வரும், அஞ்சு ரோடு வராது. வேண்டுமென்றால் ஒரு புள்ளியை எந்தச் சுவரோடும் சேர்க்காமல் அழித்துவிடுங்கள். அதைச் சுற்றியிருந்த நாலு கட்டமும் சேர்ந்து ஒரு சின்ன மைதானமாகும். அதற்கு எட்டு வாசல் வரை வைக்கலாம். நடுப்பகுதியில் இப்படி ஒரு மைதானம் இருந்தால் தீர்ப்பவர் அங்கே வந்து சற்று நேரம் திணறுவார். இரண்டுக்கு மேல் வைக்காதீர்கள், படம் தளர்ந்துவிடும். இடுக்குப்புள்ளி வைத்து முக்கோணக் கட்டமாகவும் வரையலாம். அதே விதிதான், ஒரு கட்டத்துக்கு மூன்று வாசல். வட்டமாக வேண்டுமென்றால் தட்டு, கிண்ணம், டம்ளர் என்று ஒன்றுக்குள் ஒன்றாகக் கவிழ்த்து வளையம் போட்டுக்கொள்ளுங்கள்.

சேலத்து அஞ்சு ரோட்டில் 2020-இல் திறந்த ஈரடுக்கு மேம்பாலத்தைப் பார்த்தவர்களுக்கு அடுத்த ஆசை தானாக வரும்: ஒரு வழி இன்னொன்றின் அடியில் போனால் என்ன? போகலாம். இருபுறமும் சுவர் இருந்து, மேலும் கீழுமாக நேராகப் போகும் ஒரு கட்டத்தைத் தேடுங்கள். அந்த இரண்டு சுவரிலும் ஒரு சிறு அரைவட்டம் போடுங்கள்; அதுதான் கீழ்வழியின் வாய். இடப்பக்கக் கட்டமும் வலப்பக்கக் கட்டமும் இப்போது அடியில் சேர்ந்துவிட்டன. ஆனால் இதனால் ஒரு வளையம் உண்டாகும், விடை இரண்டாகவும் கூடும். சரிசெய்ய, இடப்பக்கக் கட்டத்திலிருந்து வலப்பக்கக் கட்டத்துக்குப் பாலத்தின் அடியில் போகாமல் பழைய வழியிலேயே நடந்து போங்கள். அந்த நடையில் எங்காவது ஓர் இடத்தில் குறுக்கே ஒரு சுவர் வைத்தால் போதும், மறுபடி ஒரே விடை. அந்த நடையும் பழைய விடையும் சேர்ந்து ஓடும் பகுதி இருந்தால் சுவரை அங்கே வையுங்கள். இனி விடை பாலத்துக்கு அடியில் போயே ஆக வேண்டும். வேறு இடத்தில் வைத்தால் பாலம் ஆளை முட்டுச்சந்துக்கு அனுப்பும். அதுவும் நமக்கு லாபம்தான்.